நுரை மீசை

பால்பவுடர் ஃபாக்டரி ஒண்ணு, ஒரு ஆறு, ரெண்டு சர்ச்சு, பதினாலு தமிழ்க் குடும்பம், இவ்வளவுதான் அந்த ஊரு, மெல்போர்ன்ல இருந்து கார்ல ரெண்டு மணி நேரம். அந்த ஊர்ல ஆம்பள பொம்பள எல்லாரும் மூக்குக்குக் கீழ வெள்ளை நுரையில மீசை வச்சுக்கிட்டு அலைஞ்ச ஒரு ஜூன் மாசத்தப் பத்தி இப்பவும் யாராவது கேட்டா, ஆமா அந்த வருசம் குளிரு ஜாஸ்தின்னுதான் முதல்ல சொல்லுவாங்க, மீசைய ரெண்டாவதாத்தான் சொல்லுவாங்க.

அது ஆரம்பிச்சது உலகநாதன் வீட்டுல. வள்ளியூர்ப் பக்கத்துக்காரரு, அறுபத்தி மூணு வயசு, அதே பால்பவுடர் ஃபாக்டரியில இருபது வருசம் வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல, இருமல் மருந்துகூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் வீட்டு வாசல்ல, மே மாசக் கடைசியில ஒரு நாள் காலையில, கூரியர்க்காரன் ஒரு பெட்டிய வச்சு மணிய அடிச்சுட்டு ஓடிட்டான். தொறந்தா, வீட்டுலயே பியர் போடுறதுக்கான சாமானம் பூரா உள்ள இருக்கு. குழாய் வச்ச வெள்ளை வாளி, பெரிய தகர டப்பா, வெறும் பாட்டில் முப்பது, அதுக்கு மேல ஒரு துண்டுக் காகிதம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புல படிச்ச கையெழுத்து, எல்லா எழுத்தும் காத்தடிச்ச மாதிரி வலது பக்கமா சாஞ்சு நிக்குது.

"அப்பா, இதை நீங்களே போடுங்க. ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை டேரனும் நானும் குடிக்க வர்றோம். காந்தி."

காந்தின்னா காந்திமதி, உலகநாதனோட ஒரே மக. அவ ரெண்டு வருசமா அப்பாவுக்குன்னு எழுதினது, பேசினது எல்லாம் சேத்தா இந்தத் துண்டுக் காகிதம் ஒண்ணுதான். டேரன்ங்கிற பிளம்பர் பையன அவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னிக்கு, உலகநாதன் கதவப் பாதி தொறந்து நின்னு, இவன்தான்னா இனிமே இந்த வாசப்படிய மிதிச்சிராதன்னு சொல்லிட்டாரு. சொன்னதும் அவருக்கே நாக்குல கசந்துச்சு, ஆனா சொன்னத எப்படித் திருப்பி வாங்குறதுன்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் நடந்த அன்னிக்கு அவரு பொண்டாட்டி சண்முகவடிவு ஒரு டின் அதிரசத்த மடியில வச்சுக்கிட்டு ரயிலேறித் தனியாப் போனா. இவரு ஏணிய எடுத்துக் கூரை விளிம்புல மழைத்தண்ணி ஓடுற தகர வாய்க்காலுக்குள்ள கிடந்த இலையெல்லாம் அள்ளிப் போட்டாரு, தன் வீட்டுது முடிஞ்சும் மனசு ஆறல, பக்கத்து வீட்டுது, அதுக்கடுத்த வீட்டுதுன்னு அஞ்சு வீட்டுக் கூரைய அன்னிக்கு ஒருத்தரே சுத்தம் பண்ணிட்டாரு. அஞ்சாவது வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒரு பை எலுமிச்சம்பழம் குடுத்தா. அத ஊறுகா போட்டா சண்முகவடிவு, ஒரு வருசம் வச்சிருந்து தின்னாங்க, அவரு மட்டும் தொடல.

அதுக்கப்புறம் ஃபோன் வந்தா, அம்மா இருக்காங்களான்னு கேப்பா மக, இந்தான்னு நீட்டிருவாரு அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

அதனால அந்தக் காகிதத்த உலகநாதன் நாலா மடிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, பியர் நல்லா வந்தா மக தங்குவா, வீணாப் போனா அப்பிடியே திரும்பிப் போயிருவான்னு அவரா ஒரு கணக்குப் போட்டு, துணி துவைக்கிற ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. வாளியில ஒரு கிருமி இருக்கக் கூடாதுன்னு டப்பா மேல போட்டிருந்துச்சு. ஏழு தடவ வெந்நீர்ல கழுவினாரு, அப்பவும் நம்பிக்கை வராம சாம்பிராணி போட்டாரு. டப்பாவத் தொறந்தா கருப்பட்டிப் பாகுல ஹார்லிக்ஸக் கொட்டிக் காய்ச்சுன மாதிரி ஒரு வாசம். மூடிக்கு அடியில சின்னதா ஒரு பொட்டலம் இருந்துச்சு. ஷூ பெட்டிக்குள்ள, மாத்திரை டப்பாக்குள்ள, திங்காதன்னு எழுதி ஒரு பொட்டலம் கிடக்குமே, அத இருபது வருசமாத் தூக்கி எறிஞ்சு பழகின கை, இதையும் தூக்கிக் குப்பையில போட்டுருச்சு. மறுநாள் குப்பை லாரி வந்து கொண்டு போயிருச்சு. பியரப் பொங்க வைக்கிற ஈஸ்ட்டு அதுக்குள்ளதான் இருந்துச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

டப்பாவுல இருந்த பாகத் தண்ணியில கரைச்சு வாளியில ஊத்தி மூடினாரு. மூடி மேல வளைஞ்ச குழாய் ஒண்ணு நிக்கும், அதுக்குள்ள ரெண்டு வாய்த் தண்ணி ஊத்தி வைக்கணும். உள்ள பொங்க ஆரம்பிச்சா காத்து அது வழியா குளுக் குளுக்குன்னு வெளிய வரும். ஒரு நாள் பாத்தாரு, ரெண்டு நாள் பாத்தாரு, மூணாவது நாள் ஸ்டூலப் போட்டு வாளியில காத வச்சுக்கிட்டே உக்காந்துட்டாரு. உள்ள ஒரு சத்தமும் இல்ல.

இப்ப சண்முகவடிவோட கையப் பத்திச் சொல்லியாகணும். அந்த ஊருக் குளிர்ல யாரு வீட்டு இட்லி மாவும் பொங்காது. ஓவனுக்குள்ள வச்சுப் பாப்பாங்க, வெந்நீர்ப் பையக் கட்டி வைப்பாங்க, மாவு கல்லு மாதிரிக் கிடக்கும். சண்முகவடிவு கைய விட்டுக் கலக்கினா மட்டும் காலையில சட்டி நிறைஞ்சு தரையில வழிஞ்சு கிடக்கும். அதனால பதினாலு வீட்டுக்காரங்களும் சனிக்கிழமை சாயங்காலம் சட்டியோட வந்து வரிசையில நிப்பாங்க. இவ கை கழுவிட்டு ஒவ்வொரு சட்டியிலயும் விட்டு ஒம்பது சுத்து சுத்தி அனுப்புவா. ஒரு தடவ அவளுக்கு மணிக்கட்டு சுளுக்கினப்ப ஊரே ரெண்டு வாரம் உப்புமா தின்னுச்சு, அந்த ரெண்டு வாரத்துல மூணு வீட்டுல புருசன் பொண்டாட்டி பேசிக்கல. அது கிடக்கட்டும்.

உலகநாதன் போய் அடுப்படி வாசல்ல நின்னாரு. விசயத்தச் சொன்னாரு. சண்முகவடிவு கேட்டுட்டு, சாராயத்துல போய் நான் கை வைக்கவான்னு கேட்டா. அது சாராயம் இல்ல பியருன்னு இவரு சொன்னாரு. அப்ப நீங்களே உங்க கைய வைங்கன்னு சொல்லிட்டு அவ தாளிக்கத் திரும்பிக்கிட்டா. இவரு போகல. கடுகு வெடிச்சு முடிஞ்சப்புறம் மெதுவா, "வடிவு, புள்ள வர்றேன்னு எழுதியிருக்கா"ன்னாரு.

அவ அடுப்ப அணைச்சா. ஒரு கரண்டி புளிச்ச மாவ எடுத்து வாளிக்குள்ள விட்டு, முழங்கை வரைக்கும் கைய முக்கி ஒம்பது சுத்து சுத்தி, கைப்பழக்கத்துல ஒரு சிட்டிகை உப்பையும் போட்டு, மூடி, தன்னோட பழைய கம்பளிச் சால்வையப் போத்திவிட்டா. காலையில வீடே குளுக் குளுக்குன்னுச்சு. தபால்காரன் வாசல்ல நின்னு, உள்ள யாரு சிரிக்கிறான்னு கேட்டான்.

ஒரு வாரம் பொங்க விட்டு, பாட்டில்ல அடைச்சு, மேல பத்து நாள் வச்சாங்க. மக வர்றதுக்கு ஆறு நாள் இருக்கறப்ப உலகநாதன் ஒரு பாட்டிலத் தொறந்து, கண்ண மூடிக்கிட்டு ஒரு வாய் குடிச்சுப் பாத்தாரு. ஆப்பத்தோட புளிப்பு, கருப்பட்டிக் கசப்பு, நாக்க இழுத்துப் பிடிக்கிற ஒரு சுருக்கு, நல்லாத்தான் இருந்துச்சு. தலை சுத்தல, ஒண்ணும் பண்ணல. ஆனா மேல்உதட்டுல ஒட்டின நுரை போகல.

கையால தொடச்சாரு, இருந்துச்சு. துண்டால தொடச்சாரு, துண்டு காஞ்சே இருந்துச்சு, நுரையும் இருந்துச்சு. சோப்பு போட்டாரு, இன்னும் கொஞ்சம் செழிச்சுச்சு. சவரக் கத்தி தண்ணிக்குள்ள போற மாதிரி போய் வந்துச்சு, பின்னால அது மூடிக்கிச்சு. நல்ல அடர்த்தியா, ரெண்டு முனையும் லேசா மேல தூக்கி, கிட்டக் காத வச்சா சன்னமா நொறுநொறுன்னு சத்தம் போடுற வெள்ளை மீசை. சண்முகவடிவு கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு, மாப்பிள்ளையா வந்தப்பகூட நீங்க இவ்வளவு நல்லா இல்லன்னா. அப்பிடி என்னதான் இருக்குதுன்னு அவளும் ஒரு மடக்குக் குடிச்சா, அவளுக்கும் வந்துருச்சு, கோடு கிழிச்ச மாதிரி ஒல்லியா, அடக்கமா.

மறுநாள் லூர்து வந்தா. ரெண்டு வீடு தள்ளி இருக்கிறவ, ஃபாக்டரியில பேக்கிங் செக்‌ஷன், அவ கிட்ட ஒண்ணச் சொன்னா ஊர்க் கோயில்ல மைக்கு வச்சுச் சொன்ன மாதிரி. உள்ள வந்து ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தா. என்ன இதுன்னு அவ கேக்கல. "மைனி, எனக்கொரு கிளாஸ் ஊத்துங்க"ன்னுதான் சொன்னா.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒம்பது பேரு வந்தாங்க. ருசி பாக்கன்னு வந்தவங்க, புருசன் குடிச்சானான்னு விசாரிக்க வந்து தானும் குடிச்சவங்க, நாங்கல்லாம் தொடமாட்டோம்னு சொல்லிக்கிட்டே கிளாஸ நீட்டுனவங்க. ஒருத்தருக்கும் போதை ஏறல, எல்லாருக்கும் மீசை ஏறுச்சு. தமிழ்ச் சங்கத் தலைவரு திரவியம், பல் டாக்டரு, வருசா வருசம் பொங்கல் மேடையில மதுவின் தீமைன்னு முக்கா மணி நேரம் பேசுறவரு, இத விசாரிச்சு முடிவுக்குக் கொண்டு வரேன்னு வந்தாரு. மறுநாள்ல இருந்து அவரு கிளினிக்கு, கடைத்தெரு, பெட்ரோல் பங்க்குன்னு எங்க போனாலும் பல் டாக்டரு மாஸ்க்க எடுக்கவே இல்ல. மாஸ்க்குக்கு ரெண்டு பக்கமும் நுரை எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. யாரும் அவரு கிட்ட ஒண்ணும் கேக்கல, கேக்காததுதான் அவருக்குத் தாங்கல.

மீசை வந்தா என்ன பண்ண, பொழப்பப் பாக்கணுமே. ஃபாக்டரியில சுகாதார சூப்பர்வைசர் ரூல் புத்தகத்த ரெண்டு நாள் புரட்டிப் பாத்து, நுரை முடியாகாதுன்னு எங்கயும் எழுதல, அதனால அதுவும் மீசைதான்னு முடிவு பண்ணி, தமிழ்ப் பொம்பளைங்களுக்கும் தாடி மீசைய மூடுற வலை குடுத்துக் கையெழுத்து வாங்கிக்கிட்டாரு. லூர்துக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்துச்சு. ஃபோட்டோ எடுக்கிற பொண்ணு, கண்ணாடிய மட்டும் கழட்டுங்கன்னு சொல்லி எடுத்துருச்சு, இன்னிக்கும் லூர்தோட லைசென்ஸ்ல அய்யனார் கணக்கா முறுக்கிவிட்ட வெள்ளை மீசை இருக்கு. அவ புருசனுக்கு வந்தது ரெண்டு மூணு குமிழி மட்டும்தான். அதுக்கு அவன் ஒரு வாரம் சோறு சரியாத் திங்கல. மெல்போர்ன் கோயிலுக்குப் போனவங்கள அய்யரு ஒரு நிமிசம் பாத்தாரு, அப்புறம் வெண்ணெய் தின்ன கிருஷ்ணனே அப்பிடித்தானே நின்னான்னுட்டுத் தீபாராதனையக் காட்டிட்டாரு. சிலருக்கு ரெண்டாம் நாள் தும்மினதுல பறந்து போச்சு, சிலருக்கு நாலு நாள் நின்னுச்சு. போனவங்க கண்ணாடி முன்னால நின்னு உதட்டத் தடவிப் பாத்துட்டு, மறுபடியும் கிளாஸோட வந்தாங்க.

இதுலதான் உலகநாதனுக்குக் கவலை புடிச்சுது. வர்றவங்களுக்கு இல்லன்னு சொல்ல வாய் வரல, ஊத்தி ஊத்தி வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்சம் நாலே பாட்டில். அதைக் கட்டிலுக்கு அடியில போட்டுப் போர்வையால மூடினாரு. அத விடப் பெரிய கவலை தன் மூஞ்சி. மத்தவங்க நிறைய பேருக்கு வந்து போச்சு, அவருது வந்த மேனிக்கு நிக்குது. ரெண்டு வருசம் கழிச்சுப் பெத்த மக வர்றா, அவளோட அந்தப் பையன் வர்றான், மாமனாருன்னு வாசல்ல நிக்கறப்ப மூக்குக்குக் கீழ நுரை வச்சுக்கிட்டா நிக்கறது. அவ கிளம்பி வர்ற வேகத்துலயே திரும்பிருவாளோன்னு அவருக்குப் பயம்.

திரவியம் மாஸ்க்கோட வந்து யோசனை சொன்னாரு. அண்ணாச்சி, பேசாம ஒரு ஃபோனப் போட்டு, பியரு கெட்டுப் போச்சு, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லிருங்க, மீசை அதுக்குள்ள அடங்கிரும்னாரு. உலகநாதன் ஃபோனக் கையில எடுத்தாரு. அப்புறம் மேசையில வச்சுட்டாரு.

"வராதன்னு ஒரு தடவ சொல்லியாச்சு, தெரவியம். ரெண்டாவது தடவ சொல்ல என்னால ஆகாது."

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்துச்சு. உலகநாதன் வாசல்ல நின்னாரு, கதவ முழுசாத் தொறந்து வச்சுட்டு நின்னாரு. காந்திமதி இறங்கி வந்து வாசப்படிக்கு வெளிப் பக்கமே நின்னுக்கிட்டா. அப்பா மூஞ்சியப் பாத்தா. அம்மா மூஞ்சியில மிச்சம் இருந்த கோட்டையும் பாத்தா. சிரிக்கல. டேரன், நல்ல உயரம், கதவு நிலையில தலை இடிக்கிற உயரம், சண்முகவடிவு எப்பவோ ஃபோன்ல சொல்லிக் குடுத்த மாதிரி கையக் கூப்பி, வணக்கம் மாமான்னான். மீசை ரொம்ப நல்லா இருக்குன்னு இங்கிலீஷ்ல சொன்னான், கிண்டலாச் சொல்லல, நெசமாவே சொன்னான்.

"ஏட்டி, அங்கன நின்னு என்ன பாக்க, உள்ள வா"ன்னு சண்முகவடிவுதான் கையப் பிடிச்சு இழுத்தா.

மேசையில நாலு பாட்டிலும் வந்துச்சு. எட்டிப் பாக்க வந்த லூர்து ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டா, அவளப் போகச் சொல்ல யாராலயும் முடியாது. டேரன் ஒரு வாய் குடிச்சான், யோசிச்சான், இன்னொரு வாய் குடிச்சான். பொன்னிறமா வளந்திருந்த அவன் சொந்த மீசைக்கு மேல வெள்ளையா இன்னொண்ணு மொட்டவிழ்ற மாதிரி எழும்பி, கன்னம் வரைக்கும் ஓடி நின்னுச்சு. ஆளு அசரல, இதுல என்ன போட்டீங்கன்னு உலகநாதனக் கேட்டான், புளிச்ச மாவுன்னதும் நோட்டுல எழுதிக்கிட்டான். உலகநாதனுக்குப் பாதி உசிரு வந்துச்சு.

அப்புறம் காந்திமதி குடிச்சா. எல்லாரும் அவ உதட்டையே பாத்தாங்க. நுரை ஒட்டுச்சு, ஒரு கணம் நின்னுச்சு, சாதாரண நுரை மாதிரி உடைஞ்சு கரைஞ்சு போயிருச்சு. உதடு வெறும் உதடா இருந்துச்சு.

இன்னொரு வாய் குடிக்கச் சொன்னா லூர்து. குடிச்சா, இல்ல. வேற பாட்டிலத் தொறந்தாங்க, இல்ல. கிளாஸ மாத்தினாங்க, நிறைய நுரை வர்ற மாதிரி ஒசரத் தூக்கி ஊத்தினாங்க, மூக்க உள்ள விட்டுக் குடிச்சுப் பாத்தா, இல்ல. தபால்காரனுக்கு வந்துச்சு, லைசென்ஸ் ஆபீஸ்ல இருந்து ஆசைப்பட்டு வந்த பொண்ணுக்கு வந்துச்சு, இன்னிக்கு வந்த டேரனுக்கு ரெண்டடுக்கு வந்துச்சு, இந்த வீட்டுல பொறந்து வளந்தவளுக்கு வரல. ஏன்னு யாருக்கும் தெரியல. சிலருக்குச் சேராது மைனின்னு லூர்து ஏதோ சொல்ல வந்து, பாதியில நிறுத்திக்கிட்டா, லூர்து நிறுத்திக்கிட்டது அந்த ஊர்ல அது ஒரு தடவதான்.

காந்திமதி கிளாஸ மேசையில வச்சா. உதட்டப் புறங்கையால தொடச்சுக்கிட்டு, யாரையும் பாக்காமச் சொன்னா, "சரிதான். என்னைய மட்டும் இந்த வீட்டுக்கு அடையாளம் தெரியல போல."

அவ எந்திரிச்சு ஜன்னல் பக்கமாப் போய் நின்னுட்டா. டேரன் கிளாஸ வச்சுட்டான். சண்முகவடிவு புருசனப் பாத்தா, பாத்துக்கிட்டே இருந்தா. உலகநாதன் நாற்காலியில இருந்து எந்திரிச்சாரு. முட்டி வலி, மேசையப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்க முடியும். மக கிட்டப் போய் நின்னாரு. ஏணியில ஏறி அஞ்சு வீட்டுக் கூரைய அள்ளின அன்னிக்கு மனசுக்குள்ள சொல்லிப் பாத்த பேச்செல்லாம் இருந்துச்சு, நீளமான பேச்சு, அதுல ஒண்ணும் வாயில வரல.

"வீட்டுக்குத் தெரியும்மா. எனக்குத்தான் தெரியாமப் போச்சு"ன்னாரு. "அன்னிக்கு வாசல்ல வச்சுச் சொன்னது, அது தப்பு."

அவ திரும்பல. அவரு தன் மேல்உதட்டுக்குக் கைய கொண்டு போனாரு. துண்டுக்கு வராதது, சோப்புக்கு வராதது, கத்திக்கு வராதது, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வச்சு மெதுவா இழுத்ததும் பூவைக் கிள்ளுன மாதிரி கையோட வந்துச்சு, சரிபாதி, இடது பக்கத்துப் பாதி. அத விரல் நுனியில வச்சுக்கிட்டு, "இங்க திரும்பு"ன்னாரு. அவ திரும்பினதும், நெத்திக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி மூச்சப் பிடிச்சுக்கிட்டு, அவ மூக்குக்குக் கீழ வச்சு லேசா அமுக்கிவிட்டாரு.

நின்னுச்சு. முனை மெல்ல மேல தூக்கிக்கிச்சு. நொறுநொறுன்னு அவ காதுக்கு மட்டும் கேக்கற மாதிரி சத்தம் போட ஆரம்பிச்சுது.

அப்பதான் காந்திமதி சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா, அழுதும் அது கரையல. ஆளுக்குப் பாதி மீசையோட அப்பாவும் மகளும் நிக்கிறதப் பாத்து டேரன், இப்பத்தான் இவ ஜாடை யாருன்னு தெரியுதுன்னு சொன்னான். லூர்து அத ஊருக்குச் சொல்லணும்னு செருப்ப விட்டுட்டு ஓடினா. மத்தியானம் சாப்பாடு நாலு மணிக்குத்தான் நடந்துச்சு. மிச்சமிருந்த ஒண்ணரை பாட்டில சாம்பார் சாதத்தோட குடிச்சுத் தீத்தாங்க.

அவங்க போயி நாலாம் நாள், வியாழக்கிழமை காலையில, உலகநாதன் முகம் கழுவறப்ப மிச்சப் பாதி தண்ணியோட தண்ணியாப் போயிருச்சு. கண்ணாடியில பாத்தாரு, தொறந்த வெளி மாதிரி இருந்துச்சு. பல்லு தேச்சு முடிக்கறதுக்குள்ள ஃபோன் அடிச்சுது.

"அப்பா, என்னது இன்னும் அப்பிடியே இருக்கு"ன்னா காந்திமதி. "வேலைக்கு இதோடதான் போறேன், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. உங்களுது எப்பிடி இருக்கு?"

உலகநாதன் ஈர உதட்டத் தடவிப் பாத்துக்கிட்டாரு. "இருக்கும்மா, இருக்கு. நல்லா முறுக்கிக்கிட்டு நிக்குது. உன்னதோட முனை எந்தப் பக்கமா போகுது?"

அடுப்படியில இருந்து வந்த சண்முகவடிவு மழமழன்னு இருந்த அவரு மூஞ்சியப் பாத்தா, வாயத் தொறந்தா, மூடிக்கிட்டா. வழக்கம் போல ஃபோனுக்குக் கைய நீட்டினா. அவரு செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, இன்னும் பேசி முடியலன்னு சைகை காட்டினாரு.